தவிட்டோடு போனது

சீர்காழிக்காரர் ஒருவரிடம் போய், 'சோத்தைக் குறைங்க சார்... வெயிட் தானா குறையும்' என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அவர் மேல் தப்பே இல்லை! பசித்து அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு அம்பாளே கிண்ணத்தில் பால் கொண்டுவந்து ஊட்டினாள் என்று நம்புகிற ஊர் அது. சம்பந்தர் ஞானப்பால் உண்ட அந்த நிகழ்ச்சியை வருஷா வருஷம் சித்திரையில் திருமுலைப்பால் உற்சவமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஊரில் போய் 'அரை வயிறு சாப்பிடு' என்றால் யார் கேட்பார்கள்?

விளையாட்டு போகட்டும். தஞ்சைத் தரணியில் சோறுதான் கூலி, சோறுதான் மானம், சோறுதான் அரசியல். வயலில் இறங்கியவர்களுக்கு நெல்லாகத்தான் கூலி அளந்தார்கள். 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு, கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே... (அப்போது சீர்காழி, வெண்மணி எல்லாமே ஒரே தஞ்சாவூர் ஜில்லா) அந்தப் போராட்டத்தின் அடியில் இருந்தது அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிக் கோரிக்கை. அதற்கு முந்தைய வருஷம் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி கவிழ்ந்ததில் அரிசித் தட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்று சொல்லித்தான் தி.மு.க. ஓட்டுக் கேட்டது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று சோறு என்பது தலைமுறை தலைமுறையாகக் கண்ட கனவு. அந்தத் தட்டைப் பார்த்து 'இதுதான் உன் தொப்பைக்குக் காரணம்' என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு வாய் வருவதில்லை.

ஆனாலும் ஒன்று உண்மை. ஏர் ஓட்டி, நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கதிர் அறுத்து, களத்தில் அடித்த உடம்புக்கு அளந்த தட்டு அது. டிராக்டர் வந்தது, அறுவடை மெஷின் வந்தது, மோட்டார் பைக் வந்தது... தட்டு மட்டும் அதே சைஸ்! சைஸ் அப்படியே இருக்க, உள்ளே இருந்த ஒரு சமாசாரம் மட்டும் நைசாகக் கழன்றுகொண்டது. கதையே அங்கேதான் இருக்கிறது.

நெல்லை உரலில் போட்டு இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். உமி போகும். புடைக்கும்போது கொஞ்சம் தவிடும் போகும். என்ன இருந்தாலும் மனுஷக் கை... பழுப்புத் தோல் கொஞ்சமாவது அரிசியில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நார்ச்சத்து, பி வைட்டமின்கள், தாது உப்புகள் என்று முக்கியமான சரக்கெல்லாம் பெருமளவு குடியிருப்பது அந்தத் தோலிலும் முனையில் இருக்கிற குருத்திலும்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவு. பிறகு ரைஸ் மில் வந்தது. உலக்கை அரைகுறையாகச் செய்ததை அது சுத்தமாகச் செய்து முடித்தது. அரிசி பல்லைப் போல மின்னியது!

அந்த மினுமினுப்புக்கு என்ன விலை என்பது ஒரு கோழிக்கூண்டில் தெரியவந்தது. பட்டேவியா - இன்றைய ஜகார்த்தா. அங்கே டச்சு ராணுவ ஆஸ்பத்திரியை ஒட்டி, கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டாக்டர் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். கால் விளங்காமல் போய், கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடும் நோய் அது. அவர் வளர்த்த கோழிகளுக்கும் கால் மடங்கியது. திடீரென்று ஒருநாள் எல்லாம் தேறி எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டன! விசாரித்தால், சமையல்காரர் மாறியிருக்கிறார். பழையவர் ஆஸ்பத்திரியில் மீந்த தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டுவந்தார். புதியவரோ, ராணுவச் சோற்றை சிவிலியன் கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டாராம். கோழிகள் தீட்டாத மட்டமான அரிசியைத் தின்று பிழைத்துக்கொண்டன. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரருக்கு யாரும் ஒரு நன்றிகூடச் சொன்னதாகத் தெரியவில்லை.

தவிட்டோடு போனது பி1 என்கிற தயாமின். சோற்றின் மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்க உடம்புக்கு அது கட்டாயம் வேண்டும். அடுப்பில் விறகை மட்டும் அடுக்கிவிட்டு, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் எப்படி?

நம் பக்கம் வருவோம். 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறகு ஒரு விசித்திர காரியம் செய்தார். இந்தியாவின் ஏழு வகைச் சாப்பாட்டை ஏழு கூட்டம் எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு, பட்டாணியர் சாப்பாடு, மராட்டியர் சாப்பாடு என்று போய், கடைசியில் மதராஸி சாப்பாடு - பட்டியலில் காபிகூட உண்டு! முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சாப்பிட்ட சீக்கிய எலியின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசி தின்ற மதராஸி எலி 155 கிராம்... கடைசி இடம்! பிரிட்டிஷ் ராணுவம் யாரை 'வீர இனம்' என்று நினைத்ததோ, ஏறக்குறைய அதே வரிசையில் எலிகளும் நின்றன என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அரிசி மட்டுமே குற்றவாளியும் இல்லை. பாலும் பருப்பும் குறைந்ததும் சேர்ந்துதான் எலியை நோஞ்சானாக்கியது.

சரி, அப்படியானால் தஞ்சாவூர்க்காரர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாக விழுந்திருக்க வேண்டாமா? விழவில்லை. மதராஸ் ராஜதானியில் அந்த நோய் பெரிதாக வாட்டியது பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்தை. மெக்காரிசனுக்குப் பிறகு குன்னூருக்கு வந்த அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் 1940-ல் இதை விளக்கி எழுதினார்கள். தமிழ் ஜில்லாக்களில் பெரும்பாலானோரைக் காப்பாற்றியது புழுங்கல்! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தோலில் இருக்கும் பி1 அரிசிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் முழுசாகப் போய்விடாது. வைட்டமின் என்ற வார்த்தையே பிறக்காத காலத்தில் கொல்லையில் நெல் அவித்த பெண்கள் செய்த வைத்தியம் இது.

மில்லை எதிர்த்துச் சண்டை போட்டவர்களில் முக்கியமானவர் ஒரு தஞ்சாவூர்க்காரர். ஜே.சி.குமரப்பா. 1892-ல் அங்கே பிறந்து, லண்டனில் ஆடிட்டராகி, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துவிட்டு, காந்தியிடம் போய்ச் சேர்ந்தவர். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியது இவர்தான். மில் அரிசி ஒரே நேரத்தில் சாப்பிடுகிறவரின் சத்தையும் குத்துகிற பெண்ணின் கூலியையும் எடுத்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், நாள் பூரா வயலில் வேலை செய்துவிட்டு வந்து உலக்கையைத் தூக்கிய பெண்ணுக்கு மில் எவ்வளவு பெரிய விடுதலை! குமரப்பா தோற்றதில் எனக்கு ஆச்சரியம் கிடையாது.

பெரிபெரி இன்று அபூர்வம். அதன் இடத்தில் சர்க்கரை வந்து உட்கார்ந்துகொண்டது. சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் சாப்பிடும் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. அதை அதிகம் சாப்பிட்டவர்களிடம் நீரிழிவும் அதிகம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்கிறது.

'நான் ஒல்லிதானே சார்' என்கிறீர்களா? 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோ போட்டார்கள். லண்டன் ஜான் யுட்கின், புனே யாஜ்னிக். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! எடை மெஷின் இதைச் சொல்லவே சொல்லாது. அதைவிட இஞ்ச் டேப் யோக்கியமானது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் உஷார்.

இப்போது பட்டினி டயட்டுக்கு வருகிறேன். அதே தீட்டிய சோற்றில் பாதியைக் குறைத்துவிட்டு, வேறு எதுவும் சேர்க்காமல் இருந்தால் என்ன ஆகும்? 1944-45-ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடை கால்வாசி போனது. கூடவே, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியும் சுமார் 40 சதவிகிதம் இறங்கிவிட்டது. கொழுப்போடு தசையும் கரைந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் முதலில் ஏறியது கொழுப்பு! பட்டினி கிடந்து இளைத்தவர் ஆறே மாதத்தில் பழையபடி ஊதுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? அடுப்பையே சின்னதாக்கிவிட்டார், அதனால்தான்.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. எலிக்குச் சோறு போட்ட அதே ஸ்தாபனம்தான் இப்போது நமக்கும் சொல்கிறது: வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், நாளைக்கு ஆயிரம் கலோரிக்குக் கீழே இறங்காதீர்கள், தானியம் மொத்தக் கலோரியில் 45 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம். மிச்சத்துக்கு சீர்காழிக்காரர் எங்கேயும் அலைய வேண்டாம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு அதே வயலில் ஈரத்தோடு தெளிக்கிறார்களே உளுந்தும் பச்சைப் பயறும், அது இருக்கிறது. பழையாறு துறைமுகத்து மத்தி மீன் இருக்கிறது. மோர், முட்டை, முருங்கைக்கீரை இருக்கிறது. சோற்றில் ஒரு கரண்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைக்க வேண்டும். கூடவே உடம்பு வணங்கிக் கொஞ்சம் வேலை. அப்போதுதான் தசை நிற்கும்.

கைக்குத்தல் அரிசிக்கும் பாரம்பரிய ரகங்களுக்கும் இப்போது நல்ல மவுசு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் 'நெல்' ஜெயராமன், 2018-ல் காலமாகும்வரை, 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டுக் கொடுத்தார். பெரிய காரியம். ஆனால், மாப்பிள்ளைச் சம்பா என்றால் இஷ்டத்துக்கு வெட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கலோரிக் கணக்கில் தீட்டிய அரிசிக்கும் தீட்டாத அரிசிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நாரும் சத்தும் கூடுதல், பசி மெதுவாக எடுக்கும், அவ்வளவுதான் லாபம். மாப்பிள்ளைச் சம்பாவையும் பளபளவென்று தீட்டி, பாக்கெட்டில் அடைத்து, இரட்டை விலைக்கு விற்கிற புண்ணியவான்கள் உண்டு. வாங்கும்போது நாலு அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். மேலே தோல் ஒட்டியிருக்கிறதா, முனையில் குருத்து இருக்கிறதா? இல்லையென்றால், அந்த இரட்டை விலை பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு, சாதாரணப் புழுங்கலையே வாங்கிக்கொண்டு வாருங்கள்.