ஒரு தச்சன் திறந்த கோட்டை

கோட்டை பார்க்கப் போனால் முதலில் மதிலின் கனத்தையும் கொத்தளங்களையும் கணக்குப் பார்ப்பதுதான் நம் வழக்கம். வேல்ஸ் நாட்டின் வடகரையிலுள்ள கான்வி கோட்டையில் நானும் அதைத்தான் செய்தேன். எட்டுப் பெரிய கொத்தளங்கள்; அடியில் கெட்டிப் பாறை; அருகே ஆறு; ஊரையே வளைத்துக்கொண்டு இன்னொரு மதில். வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட், 1283-இல் தொடங்கி 1287-க்குள் இதைக் கட்டி முடித்துவிட்டான்!

'இதைப் பிடிக்க எத்தனை ஆயிரம் வீரர்கள் வேண்டியிருந்ததோ!' என்று மலைத்து நின்றேன். சரித்திரத்தைப் புரட்டினால் சிரிப்புத்தான் வருகிறது.

1399-இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் இங்கே தஞ்சம் புகுந்திருந்தான். நார்தம்பர்லாந்து பிரபு தூது வந்து, மன்னனுக்கு ஒரு தீங்கும் நேராது என்று கோட்டைத் தேவாலயத்திலேயே சத்தியம் செய்தாராம். நம்பி வெளியே வந்த மன்னன் வழியிலேயே பிடிபட்டான். பின்னர் கிரீடமும் போயிற்று, உயிரும் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து, 1401-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, காவல் வீரர்களில் ஐந்து பேர் தவிர மற்றவர்கள் ஊர்த் தேவாலயத்தில் பிரார்த்தனையில் இருந்தார்கள். வழக்கமாக வேலைக்கு வருகிற தச்சனைப் போல ஒருவன் வாசலுக்கு வந்தான். தெரிந்த ஆள்தானே என்று கதவைத் திறந்தார்கள். அவன் காவலர் இருவரைக் கொன்றான். ரீஸ், குவிலிம் என்ற டூடர் சகோதரர்கள் தம் ஆட்களோடு உள்ளே புகுந்தார்கள். எட்டுக் கொத்தளங்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றன!

அடுத்து முற்றுகையிட வந்தவன் யார் தெரியுமா? சத்தியம் செய்தாரே, அந்தப் பிரபுவின் மகன்! சில மாதங்களில் சமாதானம் பேசினார்கள். சகோதரர்களுக்கு மன்னிப்பு, அதற்கு விலை, அவர்களுடைய ஆட்கள் ஒன்பது பேர். தூங்கிக்கொண்டிருந்த தோழர்களைக் கட்டி ஒப்படைத்தார்கள் என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஒன்பது பேரும் கொல்லப்பட்டார்கள்.

இச்சகோதரர்களின் உடன்பிறந்தான் ஒருவனுடைய கொள்ளுப்பேரன்தான், 1485-இல் இங்கிலாந்தின் சிம்மாசனம் ஏறிய ஏழாம் ஹென்றி. டூடர் வம்சத்தின் பெருமையைப் பேச ஆயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் கொத்தளத்திலிருந்து படியிறங்கும்போது என் மனக்கண் முன் நின்றவர்கள் அரசர்கள் அல்ல. தங்கள் தலைவர்கள் காவல் இருக்கிறார்கள் என்று நம்பி, அன்றிரவு நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்களே, அந்த ஒன்பது பேர்தான்.