எக்ஸ்ரேயில் விழாத மறதி

கோலார் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, தொழிலாளியின் உடம்பில் எதை அளப்பது என்பதை மருத்துவம் தனியாக முடிவுசெய்யவில்லை. இழப்பீடு கொடுக்கச் சொன்ன சட்டமும் சேர்ந்தே முடிவுசெய்தது. அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் அங்கே பாறையைத் துளைக்கத் துளைக்க, தூள் நெஞ்சில் படிந்தது. 1940இல் மைசூர் சமஸ்தானம் அந்தத் தூளால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கான விதிகளைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. எக்ஸ்ரேயின் கறுப்புப் படத்தில் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்: எண்ணலாம், காட்டி வாதாடலாம். மறதிக்கு அப்படிப் படமும் இல்லை, விதியும் இல்லை. ‘வயசாயிடுச்சு’ என்பதோடு கதை முடிந்தது.

அந்த மறதியைத் தடுக்க வழி தேடும் இன்றைய ஆராய்ச்சியின் ஒரு கேள்வி: இரத்த அழுத்த மாத்திரை நினைவைக் காக்குமா? பழைய மருந்துக்குப் புது வேலை கொடுப்பது நமக்குப் புதிதல்ல. பித்துக்குக் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரைத்தான் மும்பை மருத்துவர் ருஸ்தம் வகீல் 1949இல் இரத்த அழுத்த மருந்தாக உலகுக்குக் காட்டினார். 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120க்குக் கீழே இறக்க முயன்றவர்களிடம் லேசான நினைவுக் குறைவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முழு மறதி நோய் குறைந்ததென்று உறுதியாகவில்லை. ஏற்கனவே அல்சைமர் வந்தவர்களுக்கு லோசார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்த பிரிட்டிஷ் சோதனை 2021இல் தோற்றது. ஓராண்டில் மூளை சுருங்குவது குறையவில்லை. ஆகவே வீண்வேலை என்பார்கள். எனக்கு அது காலம் கடந்த வைத்தியத்தின் தோல்வியாகவே படுகிறது. சோதிப்பதானால் நோய்க்கு முன்பே, நடுவயதிலேயே தொடங்க வேண்டும்.

தங்கவயலில் சுரங்கம் மூடியபோது முப்பத்தைந்து வயதிலிருந்தவர் இன்று அறுபதை ஒட்டி நிற்கிறார். மூச்சு வாங்குகிறவரிடம் நினைவைப் பற்றிக் கேட்பதா என்று ஒரு மறுப்பு எழும். மூச்சுக்கு எந்த மாத்திரை, அழுத்தத்துக்கு எது, காலையில் போட்டாயிற்றா என்பதை மனதில் வைத்துக்கொள்வதே நினைவுதானே! இதே கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரக் கிராமங்களில் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் 45 வயதைத் தாண்டியவர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்கிறது. அது மருந்துச் சோதனை அல்ல, கண்காணிப்பு. அங்கே பேச்சு தெலுங்கும் கன்னடமும். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேச்சு தமிழ். தங்கவயலில் நினைவை அளக்க வருகிறவர்கள் கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வரட்டும்.