தீக்குச்சியும் புகையிலையும்

திருத்தங்கல் பழம்பெரும் ஊர். பாண்டிய மன்னன் ஒருவன் வார்த்திகன் என்னும் அந்தணனுக்கு இவ்வூரை அளித்த செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. சங்கப் புலவராகிய பொற்கொல்லன் வெண்ணாகனாரும் தங்கால் ஊரினரே. அவர் காலத்துத் தமிழர் பொன்னை உருக்கும் தீயை அறிவர், புகையிலையை அறியார். அச்சொல்லும் அவர்தம் பாடல்களில் இல்லை. பின், இப்பழக்கம் எங்கிருந்து வந்தது?

1492ஆம் ஆண்டில் கொலம்பசுடன் அமெரிக்கத் தீவுகளை அடைந்தோர், அங்குள்ள மக்கள் ஓர் இலையைச் சுருட்டிப் புகைக்கக் கண்டனர். அவ்விலை ஐரோப்பாவை அடைந்து, போர்த்துகீசியர் வழியே இந்தியாவிற்கும் வந்தது. ழான் நிக்கோ என்னும் பிரெஞ்சுத் தூதர், அதனை மருந்தெனக் கருதி, 1560ஆம் ஆண்டளவில் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயராலேயே ‘நிகோடின்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1617இல் பேரரசர் ஜகாங்கீர் புகைபிடித்தலைத் தடை செய்தார். ஆயினும் பழக்கம் ஒழியவில்லை. அரசாணைக்கும் அடங்காத அவ்வாற்றல் யாது?

1828இல் ஹைடல்பர்க் நகர அறிஞர் இருவர் நிகோடினைப் பிரித்தெடுத்தனர். புகையை இழுத்த சில நொடிகளில் அது மூளையை அடைந்து, இன்ப உணர்வைத் தரும் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. கிடைக்காதபோது எரிச்சலும் அமைதியின்மையும் உறக்கக் குறைவும் தோன்றுகின்றன. புகைப்பவன் இன்பத்தை நாடிப் புகைப்பதாக எண்ணுகின்றான். உண்மையிலோ அத்துன்பம் தீரவே புகைக்கின்றான்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். வறண்ட இப்பகுதிக்கு அத்தொழில் வாழ்வளித்தது. அடுப்பை ஏற்றும் குச்சியே பீடியையும் பற்றவைக்கிறது, குற்றம் குச்சியினுடையதன்று. வெடிமருந்துள்ள கூடங்களில் புகைபிடித்தல் சட்டப்படி கூடாது. அங்கே ஒரு பொறி ஊரையே அழிக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். நுரையீரலுள் மெல்ல எரியும் தீயை மட்டும் நாம் அஞ்சுவதில்லை!

அஞ்ச வேண்டும் என்பதை 1950இல் டால், ஹில் ஆகிய ஆங்கில அறிஞர் இருவர் மெய்ப்பித்தனர்; புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு அவர்தம் ஆய்வால் விளங்கிற்று. பிரித்தானிய மருத்துவர்களை அரை நூற்றாண்டு தொடர்ந்து கண்ட ஆய்வு 2004இல் வெளியாயிற்று. தொடர்ந்து புகைப்போர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர் என்றும், முப்பது வயதில் விடுவோர் ஏறத்தாழ அம்முழு இழப்பினின்றும் தப்புகின்றனர் என்றும் அது காட்டிற்று. அறுபதில் விடினும் மூன்றாண்டு மீளும்.

விடுவது எங்ஙனம்? முதற் சில நாட்களே மிகக் கடியவை. பின்னர் வேட்கை படிப்படியாகத் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களில் அடங்கும். அதுவரை நீர் அருந்தலாம், சற்று நடந்து வரலாம். மருத்துவர் அறிவுரையோடு நிகோடின் பசையும் ஒட்டுப்பட்டையும் கைகொடுக்கும். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், இப்பழக்கத்தை விடவும் துணை செய்கிறது. 2016இல் தொடங்கிய தேசியப் புகையிலை விடுப்புத் தொலைபேசி எண் 1800 112 356; கட்டணம் இல்லை.

மாணவ நண்பர்களே! ஒருமுறை முயன்று தோற்றவரை எள்ளி நகையாடாதீர்கள். பலர் பன்முறை முயன்றே வென்றனர். உங்கள் தந்தையோ தமையனோ முயல்வாராயின் உடன் நில்லுங்கள். நீங்களோ, முதற் குச்சியைக் கிழிக்காமலே இருங்கள்.