பரங்கிமலை முதல் தாம்பரம் வரை: ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் கடல்கடந்த குடிபெயர்வும் வாழ்க்கைச் செலவும்

பொருள் தேடிக் கடல் கடத்தல் தமிழிலக்கியத்திற்குப் புதிய செய்தியன்று. ஆயினும் சங்கச் சான்றோர் பாடிய பொருள்வயிற் பிரிவில் பிரிபவன் தலைவன் ஒருவனே. மனையும் மனைவியும் ஊரிலேயே இருப்பர். கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை எனத் தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுத்தலும் ஈண்டு நினைக்கத்தக்கது. தலைவன் திரும்பும் நாளை எண்ணிச் சுவரிற் கோடிடும் தலைவியை நாம் அறிவோம். அவள் அந்நாள்களில் நெல்லுக்கும் எண்ணெய்க்கும் என்ன கொடுத்தாள் என்பதைப் புலவர் எவரும் கூறிற்றிலர். கூறவேண்டிய தேவையும் இல்லை. குடும்பம் இடம் பெயராதவரை அதன் செலவுக் கணக்கும் இடம் பெயர்வதில்லை. குடும்பமே கப்பலேறும்போதுதான் வீட்டு வாடகை முதல் விறகு வரை ஒவ்வொன்றுக்கும் விலை புதிதாகக் கேட்க நேர்கின்றது.

அவ்வாறு குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு சென்னைக்குத் தெற்கே, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் ஆகிய மூன்று ஊர்களிற் புதைந்து கிடக்கின்றது. ஆங்கிலோ-இந்தியர் எனப்படும் அம்மக்கள் 1947-ஆம் ஆண்டிற்குப்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அலையலையாக வெளியேறினர். அவர்கள் ஏன் சென்றனர் என்னும் வினாவிற்கு ‘ஆட்சி மாறியது, சென்றனர்’ என்று ஒரு தொடரில் விடை கூறிவிடுவது வழக்கமாயிற்று. அவ்விடை போதாது என்பது நம் கருத்து.

முதற்கண் இடம்பற்றிச் சில கூறுவோம். பரங்கிமலையின் பெயரே போர்த்துக்கீசியர் காலத்து எச்சம். மேசை, சாவி, அலமாரி, சன்னல் என்னும் சொற்களோடு ஆயா என்னும் சொல்லையும் அவர்கள் மொழி தமிழுக்குத் தந்தது. அச்சொல் பின்னும் வரும். கும்பினியார் பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மலையடியிற் பீரங்கிப்படையை நிறுத்தினர். பல்லாவரத்திற் படைவீடு எழுந்தது. அங்கு ‘வெட்டரன் லைன்ஸ்’ என இன்றும் வழங்கும் பகுதி, முதுமையுற்ற படைவீரர் குடியிருந்த நினைவைத் தாங்கி நிற்கின்றது. அவர்தம் வழித்தோன்றல்கள் இருப்புப்பாதை, தந்தி, சுங்கம் ஆகிய துறைகளிற் புகுந்தனர். 1931-இற் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியபின் இவ்வூர்கள் ஒரே தெருப்போல் இணைந்தன. தாம்பரத்து ரயில்வே குடியிருப்பின் ஓட்டு வீடுகள் அக்காலத்து வாழ்வின் சின்னம்.

தமிழ்மக்கள் இவர்களைச் சட்டைக்காரர் என்றனர். உடையால் வந்த பெயர் அது; சிறிது இகழ்ச்சியும் சிறிது வியப்பும் அதிற் கலந்துள்ளன. சட்டைக்குப் பின்னிருந்த செலவுக் கணக்கை ஊரார் அறிந்திலர் போலும்.

அக்கணக்கின் இயல்பு வேறானது. இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவரின் வாழ்க்கைத் தரம் அவர் பெற்ற சம்பளத்தால் மட்டும் அமையவில்லை. விலையின்றியோ குறைந்த விலையிலோ கிடைத்தவற்றால் அமைந்தது. குடியிருக்கத் துறையின் வீடு. ஊர்செல்ல இலவசப் பயணச்சீட்டு. நோய்க்குத் துறையின் மருத்துவமனை. மாலை வேளைக்குச் சங்கக் கூடம். பிள்ளைகட்கு அரசு மானியம் பெற்ற ஆங்கிலோ-இந்தியப் பள்ளி. யாவற்றினும் மேலாக, மகன் வளர்ந்ததும் தந்தையின் துறையிலேயே வேலை கிடைக்கும் என்னும் உறுதி. 1934-இல் இந்திய அரசு இருப்புப்பாதை வேலைகளில் நூற்றுக்கு 8 இடங்களை இவ்வினத்தார்க்கு ஒதுக்கியது. எதிர்காலம் இவ்வாறு உறுதியாயிருந்தமையாற் சேமிப்பு குறைவாயிருந்தது. இதனை ஊதாரித்தனம் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாளைய சோற்றுக்குப் பிறர் பொறுப்பேற்றிருக்கும்போது இன்று சேமிப்பவர் எவ்வினத்தும் அரியர்.

இன்னொரு பகுதியும் உண்டு. வீட்டின் பின்புறத்தே சமையற்காரரும் ஆயாவும் துணிவெளுப்பவரும் இருந்தனர். பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த ஏழைத் தமிழர் அவர். ஆங்கிலோ-இந்தியரின் நிறைந்த வாழ்வு அவர்களின் குறைந்த கூலியின்மேல் நின்றது. இதனைக் கூறாது அவ்வாழ்வை அளத்தல் முறையன்று.

செலவுக்கு அஞ்சிக் குடிபெயரும் எண்ணம் விடுதலைக்குப்பின் திடீரெனத் தோன்றியதன்று. சென்னையில் வாழ்ந்த டி. எஸ். ஒயிட் என்பார் மைசூர் மன்னரிடம் நிலம் பெற்று 1882-இற் பெங்களூரை அடுத்து ஓர் உழவுக் குடியேற்றத்தை நிறுவினார். இன்று ஒயிட்ஃபீல்டு எனப்படுவது அதுவே. 1933-இற் சோட்டா நாகபுரியில் மெக்கிளஸ்கி என்பார் பெயரால் மற்றொரு குடியேற்றம் எழுந்தது. இரண்டும் நினைத்த அளவு வளரவில்லை. ஏர் பிடித்து வாழப் பழகாத குடும்பங்கட்கு நிலம் மலிவாய்க் கிடைத்தும் வாழ்வு மலிவாகவில்லை.

1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 336, 337 ஆகிய உறுப்புக்களே இவ்வரலாற்றின் திருப்புமுனை என்பது நம் துணிபு. இருப்புப்பாதை, சுங்கம், அஞ்சல், தந்தித் துறைகளின் ஒதுக்கீடு முதல் இரண்டாண்டு முன்போலவே நடைபெறும். பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறையும். பத்தாண்டு முடிவில் அறவே நீங்கும். பள்ளி மானியமும் அவ்வாறே. முதல் மூன்றாண்டு முழுமையாகவும், பின் மும்மூன்றாண்டுக்குப் பத்து விழுக்காடு குறைத்தும் தரப்பட்டுப் பத்தாண்டில் நின்றுவிடும். மானியம் பெறும் பள்ளி தன் சேர்க்கையில் நூற்றுக்கு நாற்பதேனும் பிறர்க்குத் திறந்துவிடல் வேண்டும். இவ்விதிகள் கொடியன அல்ல. பொதுநீதி நோக்கிற் பெருந்தன்மையுடையன என்றே கூறலாம். ஆயின் ஒரு குடும்பத்தின் அடுப்படியிலிருந்து நோக்குமிடத்து அவை வேறுவகையாய்த் தோன்றும். 1950-இற் பத்து வயதுச் சிறுவனையுடைய தாய், அவன் இருபது வயதை எட்டும் 1960-இல் ஒதுக்கீடு இராது என்பதை விரல்விட்டு எண்ணியிருப்பாள். கடையில் அரிசியின் விலை ஏறாமலே அவ்வீட்டின் வாழ்க்கைச் செலவு ஏறிவிட்டது.

இனி, செல்வதற்குரிய விலையை நோக்குவோம். அதில் முதலாவது பணமன்று, தாள். 1948-ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம், தந்தைவழியிற் பிரித்தானிய மரபைக் காட்டவல்லார் சிலர்க்கு அந்நாட்டுக் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ள வழிவைத்தது. நமது அரசமைப்பின் 366-ஆம் உறுப்பும் ஆங்கிலோ-இந்தியரைத் தந்தைவழி ஐரோப்பியரின் மரபினராகவே வரையறுக்கின்றது. இருநாட்டுச் சட்டமும் பாட்டன் பெயரைக் கேட்டன. பாட்டியின் பெயரை எவரும் கேட்டிலர். தமிழ்நாட்டுப் பெண்களான பாட்டியர் பலர் திருமுழுக்குப் பெயரளவிலேயே ஏடுகளில் நிற்கின்றனர். பாட்டனின் பிறப்போ திருமுழுக்கோ திருமணமோ பதிந்த ஏட்டின் படி கிடைத்தவர்க்குக் கடல் குறுகியது, கிடையாதவர்க்கு விரிந்தது. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் படிகள் ஆண்டுதோறும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. கல்வெட்டாய்வு பயிலும் நம் மாணவர் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள கல்லறை எழுத்துக்களையும் படித்தல் நன்று. ஒரு காலத்தில் அவை வரலாற்றுச் சான்றாக மட்டுமன்றிப் பயணத்திற்கு வழிகாட்டும் சான்றாகவும் கருதப்பட்டன.

நாடுகளும் ஒரே வகையாய் வரவேற்கவில்லை. 1947 ஆகஸ்டில் ‘மனூரா’ என்னும் கப்பல் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களை மேற்கு ஆஸ்திரேலியாவில் இறக்கியது. அதன்பின் வெள்ளையர் கொள்கையின் கெடுபிடியால் அவ்வழி இறுகியது. 1966-இல் தளர்ந்து 1973-இல் முற்றும் திறந்தது. பிரித்தானியாவோ 1962 வரை காமன்வெல்த்துக் குடிமக்கட்குத் தடையின்றித் திறந்திருந்து, அவ்வாண்டுச் சட்டத்தால் வேலைச்சீட்டு முறையைக் கொணர்ந்தது. ஆதலின் ஒரே வீட்டில் அண்ணன் இலண்டனுக்கும் தம்பி பெர்த்துக்கும் சென்றமை விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. எந்தக் கதவு எவ்வாண்டு திறந்திருந்தது என்பதாலும் நிகழ்ந்தது.

கப்பற் கட்டணத்திற்கு வைப்புநிதி உதவிற்று. வீட்டுச் சாமான்கள் விற்கப்பட்டன. பியானோவும் தேக்குக் கட்டிலும் ஏற்றிச் செல்லத்தக்கன அல்ல. அயல்நாட்டுச் செலாவணிக் கட்டுப்பாட்டால், கையிலிருந்த ரூபாயையும் விரும்பியவாறு பவுனாக மாற்ற இயலவில்லை. 1960-களிற் பயணிகள் மூன்று பவுனோடு இறங்கிய செய்தி பரவலாக அறியப்பட்டது. உள்ளூரில் ஓரளவு வசதியுடையவராய் வண்டியேறியவர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் வறியராய் இறங்கினர் என்பது மிகையன்று.

அங்கு அவர் கண்ட வாழ்வை எவ்வாறு மதிப்பது? பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. அறைக்கு வாடகை, குளிருக்குக் கரி, ஷில்லிங் காசு இட்டாலன்றி எரியாத வாயு அடுப்பு. இவை யாவும் தாம்பரத்திற் செலவுக் கணக்கிலேயே இல்லாதவை. ஆயின் தாம்பரத்தில் மறைந்துகொண்டிருந்தது அங்கு வேறு வடிவில் இருந்தது. 1948 முதல் தேசிய மருத்துவப் பணியில் மருத்துவர்க்குக் கட்டணமில்லை. பள்ளிக்கல்வி இலவசம். குழந்தைகளுக்கு அரசின் குடும்பப்படி உண்டு. முதற் குழந்தை நீங்கலாக ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங்காய் இருந்த அது 1952-இல் 8 ஷில்லிங் ஆயிற்று. குடியிருப்பு நிபந்தனையை நிறைவு செய்த மூன்று குழந்தைக் குடும்பம் அவ்வீதத்தில் நான்கு வாரத்திற்கு 64 ஷில்லிங் பெறும். பவுனுக்கு 13 ரூபாய் 33 காசு என்னும் அக்கால மாற்றுவீதத்தில் அது 42 ரூபாய்க்குச் சற்று மேல். துறை தந்த பாதுகாப்பை ஓர் இனத்தார்க்கு உரியதாய் இங்கு இழந்தவர், அரசு எல்லார்க்கும் பொதுவாய்த் தரும் பாதுகாப்பை அங்குப் பெற்றனர்.

இழப்பு பெரும்பாலும் மகளிர் பாலது. சமையல், துணி, குழந்தை, கரியடுப்பு ஆகிய அனைத்தும் ஒருத்தியின் கைக்கு வந்தன; பலர் வேலைக்கும் சென்றனர். கூலி கொடுத்து வாங்கிய உழைப்பு கூலியில்லாத உழைப்பாயிற்று. அதனை எந்தச் செலவுப் பட்டியலும் காட்டாது. மற்றொரு பக்கம், பின்கட்டில் இருந்த ஆயாவுக்கும் சமையற்காரருக்கும் வேலை போயிற்று. அவர்கள் எங்குச் சென்றனர் என்பதை எழுதி வைத்தார் இலர்.

இக்குடிபெயர்வைப் பொருளியற் காரணத்தால் விளக்குதல் பொருந்தாது, மதிப்பிழந்த அச்சமே காரணம் என்று மறுப்பார் உளர். அச்சம் இருந்தது உண்மை. ஆயின் அச்சமே முதற்காரணமாயின் 1947-ஐ அடுத்த சில ஆண்டுகளிலேயே அனைவரும் சென்றிருத்தல் வேண்டும். பலர் மகனின் படிப்பு முடியும்வரை, ஓய்வூதியம் உறுதியாகும்வரை காத்திருந்து, 1950-களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் சென்றனர். கணக்குப் பார்த்தவரின் செலவு அது.

ஓய்வூதியத்தை நம்பியவர்க்கு 1966 ஜூன் 6-இல் வந்த ரூபாய் மதிப்புக்குறைப்பு பேரிடியாயிற்று. பவுன் 13 ரூபாய் 33 காசிலிருந்து 21 ரூபாயாக ஏறியது. மாதம் 200 ரூபாய் ஓய்வூதியம் முன்னர் 15 பவுன். பின்னர் 9½ பவுன். 1967 நவம்பரிற் பவுனும் வீழ்ந்து 18 ரூபாயானபோது 11 பவுனை எட்டியது. பல்லாவரத்தில் அதே 200 ரூபாய் 200 ரூபாயாகவே இருந்தது. மக்கள் அழைத்தும் முதியோர் சிலர் செல்லாமைக்கு மண்பற்றோடு இக்கணக்கும் காரணமாதல் கூடும். தாள் கிடையாதவரும், பயணப் பணம் திரட்ட இயலாத ஏழையரும் அவர்களோடு நின்றனர். வறியோர் வெளியேறினர் என எண்ணுவது தவறு. வெளியேறுதற்கும் ஒரு விலை இருந்தது, அதனைக் கொடுக்க இயன்றவரே சென்றனர்.

எஞ்சியோர்க்குச் சட்டமன்றங்களில் இருந்த நியமன உறுப்பினர் முறையும் 104-ஆம் திருத்தத்தால் 2020 சனவரியில் முடிவுற்றது. மறு ஆண்டு தாம்பரமும் பல்லாவரமும் ஒரே மாநகராட்சியாக்கப்பட்டன. பழைய குடியிருப்பின் ஓட்டு வீடுகளில் இன்று வேறு குடும்பங்கள் வாழ்கின்றன. நம்மிடம் பயின்று மெல்போர்னுக்கும் டொராண்டோவிற்கும் மனைவி மக்களோடு செல்லும் மாணவர் சிலர் விடைபெற வரும்போது, அங்கு வீட்டு வாடகை எவ்வளவு, குழந்தையைப் பகலிற் பார்ப்பவர் யார் என்று நாம் கேட்பதுண்டு. முதல் வினாவிற்கு உடனே விடை வரும். இரண்டாவதற்கு, ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் வந்திருப்பார் என்பர்.