ஆடிக்கூழும் அரிப்புக் கூழும்

நீங்கள் முதன்முதலில் வாசித்த சமையல் குறிப்பு எது? இலங்கையில் தமிழில் படித்த யாரிட்டயும் கேட்டுப் பாருங்கோ. கொஞ்சம் யோசிச்சிட்டு பத்திரிகை, யூடியூப் என்று ஏதாவது சொல்லுவினம். என்ர கணக்கில் அது நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இருந்ததால அதை 'செய்யுள்' என்று நினைத்துப் பாடமாக்கினோம். கொஞ்சம் நிறுத்தி வாசிச்சால் அது முழுக்க முழுக்க அடுப்படி.

புலவர் 1878இல் பிறந்து 1953இல் இறந்தவர். வட்டுக்கோட்டையில் ஆசிரியராக இருந்தவர். 'தங்கத் தாத்தா' என்ற பேர் அவருக்கு சும்மா வரேல்ல, பிள்ளைகளுக்காக அவ்வளவு எழுதியிருக்கிறார். இந்தப் பாட்டு நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்ற நல்ல செய்தியோட தொடங்குது. (இப்ப ஆடிப்பிறப்புக்கு லீவு கிடையாது. அந்தச் சோகம் வேற.) பிறகு நேரே வேலைக்கு இறங்கிவிடுகிறார். பயறு வறுபடுகிறது, அரிசி இடிபடுகிறது, மா வறுபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது, கொழுக்கட்டை அவிகிறது. அடுத்தது கூழ்: தேங்காய்ப்பால், பனங்கட்டி, மாவுருண்டை, பயறு. ஒழுங்கு பிசகவில்லை. அளவு மட்டும்தான் இல்லை. சமைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இந்தப் பாட்டை வைத்தே கூழ் காய்ச்சலாம்.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள வினைச்சொற்கள். இடித்தல், தெள்ளுதல், துருவுதல், கிள்ளுதல், துழாவுதல் எல்லாம் வேறுவேறு வேலை, கைக்கு வேறுவேறு அசைவு. இப்ப இதில் பாதியை 'மில்லில குடுத்து எடுக்கிறது' என்ற ஒரே வசனத்துக்குள்ள போட்டுவிட்டோம். ஒரு ஏழு வயதுப் பிள்ளைக்கு 'தெள்ளுதல்' என்றால் என்ன என்று சுளகு இல்லாமல் எப்படி விளங்கப்படுத்துவது?

அந்தக் காலத்துச் சமையல் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. கொழும்பில் 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் புத்தகம் ஆங்கிலம் வாசிக்கிற வீட்டு எசமானிகளுக்கானது. 1951இல் சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' புதிதாகக் கலியாணம் கட்டிக் குடும்பம் நடத்தப் போகிற பெண்களை மனதில் வைத்தது. இரண்டிலும் பிள்ளைக்கு இடமில்லை. பிள்ளை சாப்பிட மட்டும்தான் வரும். புலவர்தான் பிள்ளையின் வாயில் செய்முறையை வைத்தார். அதோட ஒரு வேலையும் கொடுத்தார்: ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி, மடித்து, கூழுக்கு ஏந்து. நெருப்புக்குப் பக்கத்தில் போகத் தேவையில்லை, ஆனால் அந்த இலை இல்லாட்டிக் கூழ் குடிக்கேலாது. சின்னப்பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை இப்படித்தான் இருக்கவேணும்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேணும். அடுப்படியில் நிற்கிறது அம்மா மட்டும். அவிப்பவள் அவள், துழாவுபவள் அவள், அகப்பை பிடிப்பவள் அவள். அப்பாவைப் பாட்டில் தேடினால் கிடைக்கமாட்டார். காலத்தின் பாட்டு என்று விடலாம். ஆனால் அதை இன்றைக்கும் பாடமாக்குகிற பெடியனுக்கும் அது ஒரு படத்தை மனதில் கீறிவிட்டுத்தான் போகுது.

இன்னொன்றும் இருக்கு. அது யாழ்ப்பாணத்து வளவுக்குள் நடக்கிற சமையல். குத்துவிளக்கு, படையல், பலாமரம். நான் அரிப்பு. மணல், கடல், பனை. பெரும்பாலும் கத்தோலிக்க மீன்பிடி ஊர். ஆடிப் படைப்பு எங்கட வீட்டில் இல்லை, பலாவிலைக்கு எங்க ஓடுறது? சோதினைக்குப் பாடமாக்கினோம், புள்ளி எடுத்தோம், அவ்வளவுதான்.

அரிப்பு புத்தகத்தில் வராத ஊர் என்றும் சொல்லேலாது. கண்டி அரசனிடம் 19 வருடம் அகப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் அருவியாற்றுப் பக்கமாக நடந்து 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது அரிப்பு டச்சுக் கோட்டைக்குத்தான். 1681இல் வந்த அவருடைய புத்தகத்தில் கண்டி நாட்டுச் சனம் என்ன சமைத்தது, எப்படிச் சாப்பிட்டது என்று விரிவாக உண்டு. அரிப்பு, அவர் தப்பி வந்து சேர்ந்த இடம். பிறகு ஆங்கிலேயர் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். முத்துக்குளிப்பு நேரம் தங்க ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டின டொரிக் மாளிகையைக் கடல் இன்னும் தின்றுகொண்டிருக்கு. 1863இல் பரிசில் பிசே இலங்கை முத்துக்குளிப்பவரைப் பற்றி ஒரு ஓப்பராவே போட்டார். முத்துக்கு இவ்வளவு மை. முத்துக்குளித்தவன் வீட்டு அடுப்பில் என்ன கொதிச்சது என்று எழுத ஒரு புலவர் எங்களுக்கு வாய்க்கவில்லை.

எழுதாட்டி என்ன, கை மாறிக் கை வந்ததுதானே என்று கேட்கலாம். கை மாறுவதற்கு அடுப்பு ஒரே இடத்தில் இருக்கவேணும். 2007இல் சிலாவத்துறைப் பக்கம் இராணுவம் வந்தபோது அரிப்புச் சனம் இடம்பெயர்ந்தது. எனக்கு நினைவில்லாத வயது. சமைத்த சாப்பாடு பார்சலில் வந்த நாட்களைப் பற்றி அம்மா சொல்லுவா: பிள்ளையளுக்குப் பசி தீர்ந்தது, ஆனால் அடுப்படிக்குள்ள வந்து தொல்லை குடுக்க ஒரு அடுப்படி இருக்கேல்ல.

போன விடுமுறையில் அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இந்தப் பாட்டை வாசித்துக் காட்டினேன். பலாவிலை இல்லாட்டி என்ன செய்யிறது என்று சின்னவள் கேட்டாள். அம்மம்மா எழும்பிப் போய்ப் பனையோலை எடுத்து வந்து பிளா கோலிக் காட்டினா. பிளா வந்தால் பிறகு அதுக்குள்ள ஊத்த ஒடியல் கூழ் வேணும்தானே. நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், மரவள்ளி, செத்தல் மிளகாய், பழப்புளி. ஆடிக்கூழ் இனிப்பு, இது உறைப்பு. பேர் மட்டும்தான் ஒன்று. பயிற்றங்காய் முறிக்கிற வேலை சின்னவளுக்கு. பெரியவனுக்கு இறால் கோது உரிக்கிற வேலை, அதோட அம்மம்மா சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதுகிற வேலையும். கொப்பியில் எல்லாம் மீன் மணம், அக்காவுக்குக் கோபம்.

பாட்டு மாதிரி எழுதச் சொல்லித்தான் கேட்டேன். எதுகை மோனை ஒன்றும் வரவில்லை. ஒடியல் மாவைத் தண்ணியில் ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணியை ஊத்தாமல் காய்ச்சினால் கூழ் கசக்கும் என்று அம்மம்மா இரண்டு மூன்று தரம் சொன்னா. அதனால் அவன்ர முதல் வரி இதுதான்: "மா கசக்கும். தண்ணிய ஊத்து."