பூட்

புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவில் ‘பூட் ஆகல’ என்றால் போதும், கணினிக் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். அதே சொல்லைக் கோலாலம்பூரில் காரின் பின்பெட்டிக்கும் சொல்கிறோம். தமிழ்நாட்டாருக்கு அது டிக்கி.

கணினியின் பூட், பூட்ஸ்ட்ராப்பின் சுருக்கம். பூட்ஸை இழுத்து மாட்டுவதற்கான வார் அது. தன் வாரைத் தானே இழுத்து மேலே எழும்புவது நடக்காத காரியம் என்று ஆங்கிலத்தில் கேலி பேசுவார்கள். கணினிக்கும் அதே சிக்கல்: நிரலை ஏற்ற ஒரு நிரல் வேண்டும், அதை ஏற்றுவது யார்? 1950களில் பொறியாளர்கள் கேலியையே பெயராக்கிவிட்டார்கள். வண்டியில் மாடு பூட்டும் நம் ‘பூட்டு’க்கு இதில் பங்கில்லை, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றாலும்.

லினக்ஸ் கணினியில் இப்படி மற்றதை ஏற்றிவைக்கும் நிரல் பெரும்பாலும் கிரப். வட்டின் பார்ட்டிஷனை மாற்றியதும் சில சமயம் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று நிற்கும். பழைய முறை வட்டில், முதல் 512 பைட்டுக்குள் இருக்கும் துணுக்கு கிரப்பின் அடுத்த சிறு துண்டை ஏற்றுகிறது; அந்தத் துண்டு மீதிப் பகுதியைப் பழைய இடத்தில் தேடுகிறது. அங்கே அது இல்லை. பெரும்பாலும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. லினக்ஸ் யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, கிரப்பை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும். ஃபார்மெட் செய்யலாம் என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.