பளிங்கு அல்லாத பளிங்கு



சேலம், நாமக்கல் பகுதிகளில் பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது, பழைய சுண்ணாம்புச் சுவரின் மீது பளிங்கு போல அச்சிட்ட பிவிசி பலகைகளை ஒட்டுவதை இன்று காண்கிறோம். “உஸ்தாத், இது ஏமாற்று இல்லையா?” என்று எம் மதரஸா மாணவர் ஒருவர் வினவினார். விடையை வரலாற்றில் தேடினோம்.

பளிங்கின் தோற்றத்தைச் சுவரில் வரவழைப்பது புதிதன்று. 1657-இல் மறைந்த தில்ரஸ் பானு பேகத்தின் நினைவாக ஔரங்காபாத்தில் எழுந்த பீபி கா மக்பரா, தாஜ்மஹாலை ஒத்தது. அங்கே குவிமாடமும் சுவரின் அடிப்பகுதியும் பளிங்கு. எஞ்சிய பெரும்பகுதி மெருகிட்ட சுண்ணாம்புப் பூச்சு. தமிழகத்திலோ மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு, பளிங்குக்கு நிகரென ஐரோப்பியப் பயணிகளால் வியந்து போற்றப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சும் அதே மரபினது. நன்கு ஊறிய சுண்ணாம்பு, மணல், கடுக்காய் நீர், வெல்லம், முட்டை வெண்கரு ஆகியவற்றைப் பக்குவமாகச் சேர்த்து, பல அடுக்குகளாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பர். சங்ககிரியின் சுண்ணாம்புக்கல்லும் நாமக்கல்லின் முட்டையும் நம் வாசலிலேயே கிடைக்க, அக்கலையை நாம் மறந்தது வியப்பே!

இவற்றுக்கிடையே வேறுபாடு உண்டு. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற விடும். பிவிசி பலகையோ ஈரத்தை உள்ளே அடைத்து, பழைய சுவரை மறைவில் அரிக்கச் செய்யும்.

மார்க்கம் என்ன கூறுகிறது? அந்நம்ல் அத்தியாயத்தில் சபா நாட்டு அரசி, சுலைமான் (அலை) அவர்களின் மாளிகைத் தளத்தை நீர்த்தடாகம் எனக் கருதி ஆடையை உயர்த்தினார். அது பளிங்கு போன்ற கண்ணாடித் தளம் என்பதை நபியவர்கள் உடனே தெரிவித்தார்கள். தோற்றம் மயக்கியது, சொல் மயக்கவில்லை. நபி (ஸல்) அவர்களோ கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா எனக் கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

ஆகவே அம்மாணவருக்கு நாம் கூறியது இதுவே: பளிங்கு போன்ற பூச்சு குற்றமன்று, பளிங்கு என்று சொல்லி நன்கொடை திரட்டுவதே குற்றம். வக்ஃபின் ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். ரசீதிலும் அறிவிப்புப் பலகையிலும் “பிவிசி பலகை” என்றே எழுதுவோம். இயன்ற இடங்களில் பழைய சுண்ணாம்புச் சுவரை உடைக்காமல், அத்தொழில் அறிந்த கொத்தனாரை அழைத்துச் செப்பனிடுவோம். சுவர் எதுவாயினும் நம் சொல் உண்மையாக இருக்க, அல்லாஹ் அருள் புரிவானாக.